பின் சீட்டில் ஒரு செம்புத் தண்ணீர்

அத்தியாயம் பதினான்கு

கதிர்காமநாதன் முதலாளி வாகனம் வாங்கப்போகிறார் என்ற செய்தி, காலைத் தேநீர் ஆறுவதற்குள் பதுளை பஜார் வீதி முழுவதும் பரவிவிட்டது.

பலசரக்குக் கடை வாசலில் இரண்டு வாகனங்கள் நின்றன. ஒன்று கறுப்புக் கார். நீளமாக, தாழ்வாக, மழையில் யாரோ மறந்து விட்டுப்போன பியானோ மாதிரி பளபளத்தது. மற்றது வெள்ளை ஜீப். பனி விழும் ஏதோ தூரதேசத்திலிருந்து வழிதவறி வந்த பெரிய விலங்கைப்போல் பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

"ஜீப்புன்னு சொல்லாதீங்க முதலாளி. எஸ்.யூ.வி." என்றான் ஜெசிந்தன்.

அப்புத்தளையிலிருந்து இரண்டையும் கொண்டு வந்திருந்த தரகன் அவன். துணைக்கு அவன் மச்சான் ஜூட் இரண்டாவது வாகனத்தை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"உயரமா இருந்தா நமக்கு ஜீப்புதான்டா" என்றார் கதிர்காமநாதன்.

"அதுவும் சரிதான். நேத்து இதை எங்க தோட்டத்துக்குக் கொண்டு போனேன். சத்தம் கேட்டதும் எங்கம்மா தலையில போட்டிருந்த கொங்காணிச் சாக்கை இழுத்து விட்டுக்கிட்டு ரோட்டோரமா ஒதுங்கி நிக்கிறாங்க. தோட்டத்துத் தொரை வர்றாருன்னு! நான்தாம்மா ஜெசிந்தன்னு கண்ணாடியை இறக்கிக் கத்துறேன். அப்பவும் நிமிந்து பாக்கல."

கதிர்காமநாதன் சிரித்தார். அவர் சிரித்து நாளாகிவிட்டது.

மாடி ஜன்னலில் நின்று அவர் மகள் கம்சலா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் அவள் சொன்ன ஒரு பாதி உண்மைதான் இப்போது இரண்டு வாகனங்களாக வாசலில் வந்து நிற்கிறது.

அன்றைக்கு டாக்டர் சிங்களத்தில் சொன்னது இதுதான்: "இனி அம்மாவை இவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டாம். புற்றுநோய் இடுப்பெலும்பு வரை பரவிவிட்டது. இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டில் வைத்து, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

அப்பா மருந்து வரிசையில் நின்றிருந்தார். மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்தபடி, "என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டார். அந்தக் கண்களைப் பார்த்ததும் கம்சலாவின் வாயில் முதல் பாதி மட்டும்தான் வந்தது.

"பயணந்தான் அம்மாவுக்கு ஒத்துக்கலையாம்பா."

ஆயுள் முழுதும் மொத்த வியாபாரம் செய்த மனிதர். சரக்கு உடைந்து வந்தால் லொறியை மாற்றுகிறவர். அன்றிரவு திரும்பி வந்த வேனில், பெரகலை மலை வளைவுகளில் மனைவி வடிவம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு முனகியதை அவர் கேட்டுக்கொண்டே வந்தார். ஊர் வந்து சேர்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஜெசிந்தனுக்குத் தொலைபேசி எடுத்தது.

அடுத்த ஊசிக்கு வியாழக்கிழமை கொழும்புக்கு வரச் சொல்லி முன்பே நாள் குறித்திருந்தார்கள். அது அப்பாவின் மனதில் அப்படியே இருந்தது. இன்று திங்கள். கம்சலா பாடசாலைக்கு லீவு போட்டிருந்தாள். இன்றைக்கு எப்படியாவது சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வியாழன் விடியும்போது அம்மா மறுபடியும் அந்த வளைவுகளில் இருப்பாள்.

அவள் கீழே இறங்கி வந்தபோது அப்பா கைப்பேசியை நீட்டினார். டொரொன்டோவிலிருந்து தம்பி பிரதீஷ் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஒரு வெள்ளைக்காரன் இதே மாதிரி காரையும் இதே மாதிரி ஜீப்பையும் பாலைவனச் சாலையில் மாறி மாறி ஓட்டி, எது எத்தனை விநாடியில் வேகம் பிடிக்கிறது என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இவன் ஒரு வளைவு கூடக் காட்டலியே" என்றார் அப்பா. "இந்த ரோட்ட வச்சு நான் என்னத்த முடிவெடுக்குறது?"

"பிரதீஷ் என்னப்பா சொல்றான்?"

"ஜீப்ப வாங்கச் சொல்றான். அவனுக்கென்ன. வந்து தூக்கி உக்கார வைக்கப் போறானா?"

ஜெசிந்தன் காரின் பின்கதவைத் திறந்து காட்டினான். "பாருங்க மிஸ். பொத்தானை அமுக்குனா சீட்டு சாயும். காலை நீட்டிக்கலாம். குளிருக்குச் சூடு வைக்கலாம். முதுகைப் பிடிச்சும் விடும். எங்க தோட்டத்து லயத்து வீட்டுல மாப்பிள்ளைக்குக் கூட இப்படி ஒரு மெத்தை போட்டதில்ல."

"நீ வாயால ஓட்டாத" என்றார் கதிர்காமநாதன். "நான் பாக்குற மாதிரி பாத்துக்குறேன்."

"முதலாளி, வாகனத்துக்குமா குத்தூசி போடப் போறீங்க?"

அவர் உள்ளே போனார். தரகர் காட்டும் மாதிரியை நம்பி அவர் ஒருநாளும் மூட்டை எடுத்ததில்லை. நடுமூட்டையில் தன் கையால் குத்தூசி இறக்கி, வருகிற அரிசியை உள்ளங்கையில் ஊதிப் பார்ப்பார். இப்போது அவர் திரும்பி வந்தபோது கையில் பித்தளைச் செம்பு இருந்தது. விளிம்பு தொடத் தண்ணீர். தோளில் கிடந்த துண்டைச் சும்மாடாகச் சுற்றிப் பின் சீட்டில் வைத்து, அதன்மேல் செம்பை வைத்தார்.

"பசறை ரோட்டுல விடு" என்றார். "பெரகலையில இருக்குற மாதிரி வளைவு அதுலயும் இருக்கு."

ஜூட் ஜெசிந்தனின் காதில் ஏதோ சொன்னான். ஜெசிந்தன் சிரிக்கவில்லை.

*

கார் போவதே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலைகள் சத்தமில்லாமல் நகர்ந்தன. கொழுந்துக் கூடையோடு ஏறிக்கொண்டிருந்த பெண்கள் பேசுவது வாயசைவில் மட்டும் தெரிந்தது. இப்படியே எங்கும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தால் வியாழக்கிழமை வராமல் போய்விடும் என்று கம்சலாவுக்கு ஒரு கணம் தோன்றியது.

செம்புக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் அப்பா. அவர் மலையையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"ம்."

"டாக்டர் அன்னைக்கு இன்னொன்னும் சொன்னாரு."

"பேசாத. வளைவு வருது."

வளைவு வந்தது. தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பில் தடித்து நின்று, திரும்பியது. ஒரு சொட்டுத்தான் விழுந்தது.

"பாத்தியா!" அவர் முகம் சிறுபிள்ளையின் முகம் போலாகிவிட்டது. "வேன்ல இந்நேரம் பாதிச் செம்பு போயிருக்கும்."

"அப்பா, நான் சொல்றதக் கேளுங்க..."

"நீ பேசுனா தண்ணி ஆடுதும்மா."

அதற்குமேல் அவளால் என்ன சொல்ல முடியும்?

கடந்த மழையில் மண் சரிந்து, கல்லும் மண்ணும் கொட்டி நிரவிய இடம் வந்தது. காரின் அடிவயிறு கல்லில் உரசியது. அந்தச் சத்தம் எல்லோருடைய பல்லிலும் ஏறியது.

"யேசுவே" என்றான் ஜெசிந்தன். "இதுதான் முதலாளி காருல ஒரே குறை. தாழ்வு. போற வழியில எத்தன இடம் இப்படிக் கிடக்குன்னு சொல்ல முடியாது."

திரும்பி வந்து, செம்பை மறுபடி நிரப்பி, ஜூட் ஓட்ட, ஜீப்பில் அதே வழியே போனார்கள். மண் சரிந்த இடத்தை ஜீப் கவனிக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அதன் உயரம் அசைந்தது. தண்ணீர் எகிறிக் கம்சலாவின் மடியை நனைத்தது.

"வளைவுக்குக் காரு. பள்ளத்துக்கு ஜீப்பு" என்றார் கதிர்காமநாதன். வீடு வரும்வரை அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். பள்ளமில்லாத வளைவும் வளைவில்லாத பள்ளமும் எங்காவது ஒரு ரோட்டில் தனித்தனியாக இருந்துவிடாதா என்று தேடுகிற குரல் அது.

*

வடிவம்மா வாசற்படியில் நின்றிருந்தாள்.

நைட்டிக்கு மேல் மகனின் பழைய ஸ்வெட்டர். ஒரு கை கதவு நிலையில். மெலிந்துபோன முகத்தில் கண்கள் மட்டும் பழைய வடிவம்மாவினுடையவை. யாரும் துணையில்லாமல் படுக்கையிலிருந்து இவ்வளவு தூரம் எப்படி வந்தாள் என்று தெரியவில்லை.

"ஏம்மா எந்திரிச்சு வந்த?" என்று கம்சலா ஓடினாள்.

வடிவம்மா கணவனின் கையிலிருந்த செம்பைப் பார்த்தாள்.

"என்னங்க, தண்ணிக்கு வலிக்குமா?" என்றாள். "என்னைய உக்கார வச்சுப் பாருங்க."

கதிர்காமநாதன் செம்பைக் கீழே வைத்தார். காலையிலிருந்து இரண்டு வாகனங்களையும் அவர் அலசியிருக்கிறார். அமரப்போகிறவளை ஒரு தடவை கூட நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் நினைத்தது அவளை அல்ல, அவளுடைய வலியை. வலியைத்தான் செம்பில் நிரப்பிக்கொண்டு போனார்.

முதலில் கார். அதில் உட்கார உடம்பை மடித்துக் கீழே இறக்க வேண்டும். வடிவம்மா ஒரு காலை உள்ளே வைத்தாள். இடுப்பை வளைத்தாள். பாதியில் நின்றுவிட்டாள். மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. உதட்டைக் கடித்தபடி காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை, கம்சலாவும் கதிர்காமநாதனும் இரு பக்கமும் தாங்கி வெளியே எடுத்தார்கள். அப்போது அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, எதிர்க்கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

எத்தனை பொத்தான் இருந்து என்ன? அந்த மெத்தைக்கு அவளால் போய்ச் சேரவே முடியவில்லை.

"ஜீப்புக்கு ஏறணும். அதுவும் கஷ்டந்தானே" என்றான் ஜெசிந்தன் மெதுவாக. விற்க வந்தவன் அப்படிப் பேசக்கூடாது என்பது அவனுக்கு மறந்துவிட்டது.

கதிர்காமநாதன் கடைக்குள் போய், மேல்தட்டுச் சாமான் எடுக்கும் மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்டூலில் ஒரு கால். பிறகு ஜீப்பின் படியில் ஒரு கால். பிறகு மூச்சு வாங்கிக்கொள்ள நீண்ட நேரம். கடைசியில் வடிவம்மா பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அட, றஷீனா மாடியில மிளகா காயப் போட்டிருக்கா. இத்தன காலம் எதிர்லயே இருந்தும் அவ மாடி எனக்குத் தெரிஞ்சதில்ல." பிறகு வானத்தைப் பார்த்தாள். "மழை வரப் போகுது. யாராவது போய்ச் சொல்லுங்க, அள்ளச் சொல்லி."

ஜூட் தெருவைக் கடந்து ஓடினான்.

கதிர்காமநாதனின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா வடிவு, ஜீப்பு உனக்கு ஒத்துப்போகுது. வா, ஒரு வளைவு போய்ட்டு வந்துருவோம்."

"அப்பா, வேணாம்பா" என்றாள் கம்சலா.

"போவோம்" என்றாள் வடிவம்மா.

*

ஜெசிந்தன் ஓட்டினான். கதிர்காமநாதன் முன்னால் உட்கார்ந்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். செம்பு இப்போது கம்சலாவின் மடியில், வழியில் குடிக்கத் தண்ணீரோடு இருந்தது. ஊரைத் தாண்டும்வரை வடிவம்மா கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள். முதல் வளைவில் பேச்சை நிறுத்தினாள். அடுத்ததில் கம்சலாவின் கையைப் பிடித்தாள். அதற்கடுத்த வளைவில் அவள் முகம் வெளுத்தது.

"நிப்பாட்டுங்க ஜெசிந்தன்!"

கம்சலா செம்புத் தண்ணீரை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு, அதை அம்மாவின் வாய்க்குக் கீழே பிடித்தாள். காலையில் குடித்த கஞ்சி முழுவதும் வந்தது. பிறகு ஒன்றுமில்லாமல் வெறும் குமட்டல் மட்டும். ஒவ்வொரு குமட்டலுக்கும் இடுப்பு அசைந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் அவள் முனகினாள்.

கதிர்காமநாதன் இறங்கி, சுற்றி வந்து, மகளின் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டார். ரோட்டோரத்தில் மலைத்தண்ணீர் கொட்டும் பீலி ஒன்று இருந்தது. அங்கே குனிந்து நின்று செம்பைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். ஜெசிந்தன் தள்ளிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

இதுதான் நேரம் என்று கம்சலாவுக்குத் தோன்றியது.

"அம்மா, நான் அப்பாகிட்ட ஒன்னு சொல்லணும்."

"சொல்லாத பாப்பா."

கம்சலா திரும்பிப் பார்த்தாள்.

"டாக்டர் சிங்களத்துல சொன்னா எனக்கு வெளங்காதுன்னு நெனச்சியா?" வடிவம்மா கண்ணை மூடியிருந்தாள். "பஜார்ல பொறந்து வளந்தவ நான். கதவு வேற சாத்தல. நீ வெளியில வர்றதுக்கு முந்தியே எல்லாம் கேட்டாச்சு."

மூச்சு எடுத்துக்கொண்டு மறுபடி பேசினாள்.

"இந்த ரெண்டு வண்டியும் வரப் போகுதுன்னு ஆனதுல இருந்துதான் அவரு ஒழுங்கா சோறு சாப்பிடுறாரு. ராத்திரி எந்திரிச்சு ஒக்காந்திருக்கிறதில்ல. காரா ஜீப்பான்னு எங்கிட்ட ஒரு நூறு தடவ கேட்டாச்சு. அந்தக் கேள்வியப் பிடுங்கிட்டா, அவரு கையில வேற என்ன இருக்கு?"

"அதுக்காக வியாழக்கிழமை உன்னைய இந்த ரோட்டுல..." கம்சலாவின் குரல் உடைந்தது. "உன்னால முடியாதும்மா."

"வியாழக்கிழமைய நான் பாத்துக்குறேன்."

"என்னத்தம்மா பாத்துக்குவ?"

வடிவம்மா பீலிப் பக்கம் தலையசைத்து, மகளின் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு விட்டாள்.

கதிர்காமநாதன் வந்துகொண்டிருந்தார். செம்பில் விளிம்பு தொடத் தண்ணீர். ஒரு சொட்டும் சிந்தாமல், கல் பார்த்துக் கல் பார்த்து நடந்து வந்தார். மனைவிக்கு வாய் கொப்பளிக்கக் கொடுத்தார். ஈரக்கையால் அவள் நெற்றியைத் துடைத்தார்.

"காரும் சரியில்ல, ஜீப்பும் சரியில்லங்க" என்றாள் வடிவம்மா சிரிக்கப் பார்த்து. "பறக்குற வண்டி ஏதும் இருக்கான்னு அந்தப் பையன்கிட்ட கேளுங்க."

அவர் சிரிக்கவில்லை.

"கம்சலா, நீ கொஞ்சம் இறங்கும்மா" என்றார். "ஜெசிந்தன், இங்க வா. பின் சீட்டை மடிக்க முடியுமில்ல. அம்மா ஒக்காந்திருக்கிற பக்கத்த விட்டுட்டு, இந்தப் பக்கத்த மட்டும் மடிச்சுக் காட்டு."

ஜெசிந்தன் பின்கதவைத் தூக்கினான். ஒரு பிடியை இழுத்தான். கம்சலா உட்கார்ந்திருந்த சீட்டு மெதுவாகக் குனிந்து தரையோடு தரையாகப் படிந்தது. வடிவம்மாவின் பக்கத்தில், முன் சீட்டிலிருந்து பின்கதவு வரைக்கும் நீளமாக, சமமாக, கறுப்புக் கம்பளம் விரித்த ஓர் இடம் திறந்தது.

கதிர்காமநாதன் குனிந்து, கடையில் கயிறு அளப்பதுபோல் முழங்கையைப் பதித்து முழம் போட்டார். ஒவ்வொரு முழத்துக்கும் விரலால் அழுத்தி அடையாளம் வைத்துக்கொண்டார். கடைசி முழத்தில் அவர் கை அப்படியே நின்றது.

"காருல இப்படி வராதில்ல?" அவர் குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"வராது முதலாளி. காருல ஒக்காரத்தான் முடியும்."

"ஆமா." கம்பளத்தில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டார். "போறதுக்குக் காரு எப்படியோ. திரும்பி வர்றதுக்கு இதுதான். கொழும்புல இருந்து வாடகைச் சவப்பெட்டி வண்டியில, தெரியாதவன் ஓட்ட, அவளக் கொண்டு வரக் கூடாது."

ஜெசிந்தனின் வலது கை தானாக நெற்றிக்குப் போனது. நெஞ்சுக்கு வந்து, சிலுவையை முடிக்காமல் அங்கேயே நின்றுவிட்டது.

கம்சலா கதவோரம் நின்றிருந்தாள். அப்பா கொடுத்த செம்பு கையில் கனத்தது. அப்பாவுக்கும் தெரியும். அவள் சொன்னது பாதிதான் என்று, சொன்ன அந்தக் கணமே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு வளைவிலும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். நீ பேசினால் தண்ணீர் ஆடுகிறது என்றார்.

"என்னங்க அளக்குறீங்க?" உள்ளேயிருந்து வடிவம்மா கேட்டாள்.

"சும்மா." அவர் நிமிரவில்லை. "சாமான் எவ்வளவு ஏத்தலாம்னு பாத்தேன்."

மழை தொடங்கியது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்து, முதலில் தேயிலையில் விழுந்து, பிறகு ஜீப்பின் கூரையில் விழுந்தது.

வடிவம்மா தன் பக்கத்தில் விரிந்து கிடந்த இடத்தைப் பார்த்தாள். கையை நீட்டி, புதிதாக வாங்கிய பாயைத் தடவிப் பார்ப்பதுபோல் அதைத் தடவினாள்.

"நீளம் போதுமாங்க?"

அவர் கடைசி முழத்தின் அடையாளத்தை மறுபடி விரலால் தொட்டார்.

"போதும் வடிவு."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கதிர்காமநாதன் பின்கதவை இழுத்துச் சாத்தினார். ஜெசிந்தனைப் பார்க்காமல், மழையைப் பார்த்துச் சொன்னார்:

"வியாழன் விடியக்காலையில இதைக் கொண்டு வந்து வாசல்ல நிப்பாட்டு. ஸ்டூல நான் எடுத்து வைக்கிறேன்."

வாகனத்துக்குள், மூடிய கண்களோடு, வடிவம்மா, அந்தப் பயணம் இல்லை என்று மெதுவாகத் தலையசைத்தாள். அதைக் கம்சலா மட்டும்தான் பார்த்தாள்.